கதைக்கு வெளியே ஒரு வரி: புனைவுத் துணுக்கு எழுத வருபவர்களுக்கு

முதலில் விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்துக்காக எழுதிய ஒரு வரித் துணுக்கு ஒன்றைச் சொல்கிறேன், குறை எங்கே என்று பாருங்கள். "உங்களுக்குத் தெரியுமா? இருபத்தைந்து ஆண்டு சிறைவாசம் முடிந்து வெளியே வந்த கபாலி, கோலாலம்பூரில் தன் எதிரிகளைத் தேடிப் போனார்."

படம் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது, கதையில் அப்படித்தான் வருகிறது. ஆனால் விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்துக்கு இந்த வரி போகாது. போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் உணவுக் கடையில் உட்கார்ந்து மூன்று புதுப்பயனர்களுக்குத் தொகுக்க, அதாவது விக்கிப்பீடியாவில் எழுதவும் திருத்தவும், சொல்லிக்கொடுத்தேன், மூவரும் தனித்தனியாக எழுதிக் கொண்டுவந்த முதல் துணுக்கு இதே ரகம்தான். பத்து வருடங்களுக்கு முன் பினாங்கில் இருந்தபோது நான் எழுதிய முதல் துணுக்கும் இதே ரகம்தான், அதைத் திருப்பி அனுப்பியபோது இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அந்தக் கோபம் உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பகுதி என்ன, அதன் கணக்கு என்ன

'உங்களுக்குத் தெரியுமா?' பகுதி ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004 பிப்ரவரியில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்திலும் இதே பெயரில் உண்டு. புதிதாக எழுதப்பட்ட கட்டுரையிலிருந்து ஒரே ஒரு சுவையான தகவலை எடுத்து முதற்பக்கத்தில் வைப்பார்கள், அதைப் பார்த்து ஆர்வம் வந்தவர் கட்டுரைக்குள் போவார். அந்த ஒரு வரியை நாங்கள் துணுக்கு என்று சொல்கிறோம்.

ஆங்கிலத்தில் கணக்கு கறாராக இருக்கும். கட்டுரை கடந்த 7 நாளுக்குள் புதிதாக உருவாகியிருக்க வேண்டும், அல்லது ஐந்து மடங்கு விரிந்திருக்க வேண்டும், அல்லது 'நல்ல கட்டுரை' என்ற தரத்தை அண்மையில் பெற்றிருக்க வேண்டும். பட்டியல், அட்டவணை, ஓரத்தில் வரும் தகவல்பெட்டி எல்லாம் கழித்துவிட்டு ஓடும் உரைநடை மட்டும் 1500 எழுத்துக்குக் குறையக் கூடாது. துணுக்கு 200 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதில் உள்ள தகவல் கட்டுரைக்குள்ளும் இருக்க வேண்டும், அந்த வாக்கியத்தோடு மேற்கோளும், அதாவது தகவல் எங்கிருந்து வந்தது என்ற சான்றும், இருக்க வேண்டும். சில துணுக்குகள் ஏறிய பிறகு, ஒவ்வொரு முறை நீங்கள் ஒன்றைப் பரிந்துரைக்கும்போதும் இன்னொருவருடையதைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும், இது நியாயமான ஏற்பாடு என்பது என் எண்ணம்.

தமிழில் எழுதுகிறவர்கள் இந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள், தமிழ்ப் பகுதியின் பேச்சுப் பக்கத்தை, அதாவது பயனர்கள் விவாதிக்கும் பக்கத்தைப் படித்துவிட்டு அங்கே உள்ள வழக்கப்படி செய்யுங்கள். இன்னொன்று, கணினி தமிழை எண்ணும் விதம் வேறு. 'மலேசியா' நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு, ஏனென்றால் உயிர்க்குறிகளைத் தனியாக எண்ணுகிறது. அதனால் எழுத்தை எண்ணிக்கொண்டு உட்காராமல் ஒரே மூச்சில் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள், பதினைந்து இருபது சொல்லுக்கு மேல் போனால் வெட்டுங்கள்.

சண்டையெல்லாம் எங்கே வருகிறது

புனைவு பற்றிய கட்டுரைகளுக்கு ஆங்கிலத்தில் கூடுதலாக ஒரு விதி உண்டு: பொருள் ஒரு கதையாகவோ கதாபாத்திரமாகவோ இருந்தால், துணுக்கு ஏதாவது ஒரு வகையில் நிஜ உலகத்தைத் தொட வேண்டும். அவ்வளவுதான் விதி, ஒரே வரி. ஆனால் 'ஏதாவது ஒரு வகையில்' என்பதற்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள், தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக வாதாடுவது அதைப் பற்றித்தான்.

காரணம் எளிது. கதையில் எதையும் எழுதலாம். ஒருவன் நிலாவைக் கடித்துத் தின்றான் என்று எழுத ஒரு பேனா போதும், அது நடந்ததாகச் சொல்லி வாசகனை வியக்கச் சொன்னால் அதில் என்ன வியப்பு? ஆனால் நிலாவைத் தின்றவன் கதையை எழுதியவர் பகலில் லாரி ஓட்டிவிட்டு இரவில் எழுதினார் என்றால், அது வேறு. அதை யாரோ ஒருவர் வாழ்ந்திருக்கிறார்.

எதிர்ப்பக்கம் சொல்வதிலும் பொருள் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். துணுக்கு சுவையாக இருந்தால் போதாதா, 'இந்த நாவலில்' என்று தொடங்கிவிட்டால் இது கதை என்று வாசகருக்குத் தெரியாதா, நல்ல கதையின் நல்ல கட்டத்தை மறைத்துவிட்டு அச்சான ஆண்டையும் விருதையும் மட்டும் போட்டால் யார் உள்ளே போவார்கள் என்று கேட்கிறார்கள். நடுவில் நிற்பவர்கள் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்துவிட்டாலே நிஜ உலகம் வந்துவிட்டது என்பார்கள். "இன்னார் எழுதிய இன்ன நாவலில் கதாநாயகன் ஊரை எரிக்கிறான்" என்ற வகை. விதியின் சொல்லுக்கு இது பொருந்தும், ஆனால் அதன் நோக்கத்துக்குப் பொருந்தாது என்பதே என் நிலை, இதை நான் பல முறை வாதாடியிருக்கிறேன், சில முறை தோற்றும் இருக்கிறேன்.

என் நிலைக்கு நம் ஊர்க் காரணம் ஒன்று இருக்கிறது. மலேசியத் தமிழ்ப் புனைவில் கதைக்குள் என்ன நடந்தது என்பது எப்படியும் புத்தகத்தில் இருக்கும். கதைக்கு வெளியே நடந்ததுதான் நம் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறது: யார் எழுதியது, எந்த ஞாயிறு மலரில் வந்தது, எந்தத் தோட்டத்தை நினைத்து எழுதினார், யார் காசு போட்டு அச்சிட்டார். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகை 2019இல் நின்றுபோனது. அதில் எழுதியவர்களில் பலர் இன்று இல்லை, இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. இந்த விதி நம்மைக் கையைப் பிடித்து அந்த வெளி உலகத்துக்கு இழுத்துப் போகிறது, அதற்காகவே இது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் வேலை: எழுவாயைப் பாருங்கள்

துணுக்கை எழுதியதும் பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தின் எழுவாய் யார்? கதாபாத்திரம் என்றால் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்கும். எழுத்தாளர், இயக்குநர், நடிகர், படம், நூல், ஊர், பத்திரிகை என்று ஏதாவது இருந்தால் சரியான பக்கம் வந்துவிட்டீர்கள். மேலே சொன்ன கபாலி துணுக்கில் எழுவாய் கபாலி என்ற ஆள். இப்போது மாற்றுவோம்: "உங்களுக்குத் தெரியுமா, 2016இல் கபாலி படம் வெளிவந்தபோது, அதன் விளம்பரத்துக்காக ஏர் ஏசியா விமானம் ஒன்றின் உடல் முழுக்க ரஜினிகாந்தின் உருவம் வரையப்பட்டது என்று?" படமே பார்க்காத ஒருவரும் இதைப் படித்துவிட்டு நிற்பார்.

இந்தச் சோதனையை ஏமாற்றவும் முடியும். "எழுத்தாளர் தன் கதாநாயகனைக் கடைசி அத்தியாயத்தில் கொன்றார்" என்று எழுதினால் எழுவாய் எழுத்தாளர்தான், ஆனால் சொல்வது கதைச் சுருக்கம்தான். அதனால் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தகவலுக்காக நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு எங்காவது போய்த் தேட வேண்டியிருந்ததா? தேட வேண்டியிருந்தது என்றால் துணுக்கு தேறும்.

எங்கே தேடுவது

பெயரிலிருந்து தொடங்குங்கள், புதியவர்களுக்கு அதுதான் எளிது. 2015இல் வந்த 'ஜகாட்' என்ற மலேசியத் தமிழ்ப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போய் என்ற சிறுவன் என்ன செய்தான் என்று எழுதத்தான் முதலில் கை போகும். ஆனால் படத்தின் பெயரே மலாய்ச் சொல்லான 'ஜாஹாட்' நம் தமிழ் வாயில் திரிந்து வந்தது, கெட்ட, பொல்லாத என்று பொருள். நம்மவர்கள் தினமும் பேசுகிற தமிழ் ஒரு படத்தின் தலைப்பாகியிருக்கிறது, இதை வெளியூர்த் தமிழர்களுக்குச் சொன்னால் அவர்கள் கட்டாயம் உள்ளே வருவார்கள். அப்புறம் 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் அந்தப் படம் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது, அந்த ஆண்டு மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் வைப்பது சரியா என்று நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. விருதுத் துணுக்குகள் பொதுவாகச் சப்பென்று இருக்கும், இது அப்படி இல்லை, ஏனென்றால் விருதுக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

அடுத்து, கதைக்கு மூலமாக ஏதாவது நடந்திருக்கிறதா என்று பாருங்கள். கோலாலம்பூர்க்காரர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1911 ஏப்ரலில், விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் தலைமையாசிரியர் பங்களாவில் எத்தல் பிரவுட்லாக் என்ற பெண் ஓர் ஆணைச் சுட்டுக் கொன்றார், எத்தலின் கணவர்தான் அப்போது பள்ளியின் பொறுப்புத் தலைமையாசிரியர். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு அளித்தார். பத்து வருடம் கழித்து, 1921இல், இந்தப் பக்கம் வந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் இதைக் கேள்விப்பட்டு 'தி லெட்டர்' என்ற சிறுகதையாக்கினார், அது பிறகு நாடகமாகவும் சினிமாவாகவும் ஆனது. நூறு வருடம் கழித்து, பினாங்கில் பிறந்த தான் துவான் எங் 2023இல் வெளியிட்ட 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' நாவலில் மாமையும் அந்த வழக்கையும் கொண்டுவந்தார். இந்தச் சிறுகதைக்குத் துணுக்கு எழுத உட்கார்ந்தால் கதைச் சுருக்கம் தேவையே இல்லை, "சாமர்செட் மாமின் ஒரு சிறுகதைக்குக் கோலாலம்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பங்களாவில் 1911இல் நடந்த கொலை அடிப்படை என்று?" போதும்.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் நிறையப் பேர் விழுகிறார்கள். மாமின் கதையில் வழக்கு சிங்கப்பூரில் நடக்கிறது, அந்தப் பெண் விடுதலையாகிறாள். உண்மையில் வழக்கு இங்கே நடந்தது, தண்டனையும் விழுந்தது. மூலமும் கதையும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றின் தகவலை மற்றதில் ஒட்டாதீர்கள். கதையில் வந்த ஒரு காட்சியை வரலாறாகத் துணுக்கில் போட்டுவிட்டால், முதற்பக்கம் வழியாக அது உலகம் முழுக்கப் போய்விடும், பிறகு அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார்.

சயாம் மரண ரயில் பற்றி எழுதுகிறவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993இல் வந்தது. ரயில் பாதை உண்மை: 1942, 1943இல் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் போட்டது, நம் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள், பல குடும்பங்களில் போனவர் திரும்பவே இல்லை. நாவலைத் துணுக்காக்கும்போது இந்த வரலாற்றைத் தொடலாம், தொட வேண்டும், ஆனால் வரலாற்றுக்கு மேற்கோள் வரலாற்று நூலிலிருந்து வரட்டும். நாவலில் வரும் சாவுக் கணக்கைச் சான்றாக வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

முன்னுரையைப் படியுங்கள், பதிப்புரையைப் படியுங்கள், அட்டையின் பின்பக்கம் படியுங்கள். பினாங்கில் திருப்பி அனுப்பப்பட்ட என் துணுக்கு ஒரு தோட்டத்து நாவலைப் பற்றியது, நாயகன் ரப்பர் பால் வாளியை உதைத்துவிட்டு வெளியேறுகிற காட்சியை வைத்து எழுதியிருந்தேன். கோபம் தணிந்த பிறகு மறுபடி நூலை எடுத்து முன்னுரையைப் படித்தால், அந்த ஆசிரியர் தான் பிறந்த தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட வாரத்தில் எழுதத் தொடங்கினேன் என்று சொல்லியிருக்கிறார். இது என் கையிலேயே இருந்தது, நான்தான் நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விட்டேன்.

நூலகத்துக்குப் போக யோசிக்காதீர்கள். கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம் இருக்கிறது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது, பினாங்கில் இருப்பவர்கள் அறிவியல் பல்கலைக்கழக நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய தமிழ் முரசு இதழ்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது, 1935இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் மலாயாச் செய்திகளும் நிறைய உண்டு. மேற்கோள் இணையத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் சரியாக இருந்தால் அச்சு நூலும் சான்றுதான். பக்க எண்ணை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

எழுத்தாளர் உங்களுக்குத் தெரிந்தவரா?

நம் வட்டம் சின்னது, அதனால் இதைக் கேட்டே ஆக வேண்டும். எழுத்தாளர் உங்கள் மாமாவாகவோ, ஆசிரியராகவோ, நீங்கள் இருக்கும் சங்கத்தின் செயலாளராகவோ இருந்தால் பேச்சுப் பக்கத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டுப் பிறகு தெரிந்தால், நல்ல நூலைப் பற்றிய கட்டுரையும் சந்தேகத்துக்குள் போய்விடும். "ஐயாவே என்னிடம் நேரில் சொன்னார்" என்பதும் மேற்கோள் ஆகாது. அவர் சொன்னது எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும், வரவில்லை என்றால் ஒரு இதழுக்குப் பேட்டி எடுத்துக் கொடுங்கள், இரண்டு வேலையும் நடக்கும். உயிரோடு இருப்பவரைப் பற்றிய துணுக்கில் அவரைக் காயப்படுத்தும் சங்கதியை முன்னால் தள்ளாதீர்கள், உண்மையாக இருந்தாலும்.

கதையின் முடிவை உடைக்கலாமா என்று கேட்பார்கள். கட்டுரைக்குள் உடைக்கலாம், கலைக்களஞ்சியம் முழுக் கதையையும் சொல்லும், அதற்காக அதை நீக்க விக்கிப்பீடியா விடாது. முதற்பக்கத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. கட்டுரைக்குள் வந்தவர் தேடி வந்தவர், முதற்பக்கம் பார்ப்பவர் வேறு எதற்கோ வந்தவர், அவர் பையில் அந்தப் புத்தகம் பாதி படித்த நிலையில் இருக்கலாம்.

விவாதத்தில் எப்படிப் பேசுவது

உங்கள் துணுக்கைப் பற்றிக் கேள்வி வரும். வந்தால் நல்லது, யாரோ படித்திருக்கிறார் என்று பொருள். பதில் எழுதும்போது கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டுக் கையெழுத்து இடுங்கள், யாருக்குப் பதில் சொல்கிறீர்களோ அவருக்குக் கீழே உள்தள்ளி எழுதுங்கள். மற்றவர் பதில் சொல்லிவிட்ட பிறகு உங்கள் பழைய வரியைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள், கோடு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள், இல்லாவிட்டால் அவர் சொன்ன பதில் பொருளற்றுப் போய்விடும். ஒரே துணுக்கைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டாமல் இரண்டு மூன்று மாற்று வரிகளைக் கொடுங்கள், பெரும்பாலும் இரண்டாவது வரி முதல் வரியைவிட நன்றாக இருக்கும்.

விதியையே மாற்ற வேண்டும் என்று நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது: ஆங்கிலத்தில் பொதுக் கருத்துக் கேட்பு வைப்பார்கள், வழக்கமாக 30 நாள் ஓடும், விவாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் கடைசியில் படித்து முடிவை எழுதுவார். தமிழில் ஆலமரத்தடி என்ற பொது விவாதப் பக்கத்தில் எழுதலாம். இரண்டு இடத்திலும் கை தூக்கி எண்ணும் வாக்கெடுப்பு நடப்பதில்லை, சொல்லும் காரணத்தின் கனத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் தயவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு "எல்லாரும் போய் ஆதரவு போடுங்க" என்று எழுதாதீர்கள். இப்படித்தான் ஒரு முறை ஒரே இரவில் பதினோரு புதுக் கணக்குகள் வந்து ஒரே மாதிரி "ஆதரவு" என்று எழுதின, அதுவரை நன்றாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் வாதம் அன்றோடு படுத்துவிட்டது, அதில் நியாயமாகப் பேசிய பட்டர்வொர்த் அக்கா ஒருவர் மனம் விட்டுப்போய் ஆறு மாதம் தொகுக்கவே வரவில்லை. அவருடைய மௌனம்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எதிர்த்துப் பேசுபவர் கதைகளை வெறுப்பவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவரும் சம்பளம் வாங்காமல் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து உங்கள் கட்டுரையின் மேற்கோளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பவர்தான். "விதி அப்படிச் சொல்கிறது" என்று மட்டும் அவர் எழுதினால், "இந்த வரியில் நிஜ உலகம் எங்கே குறைகிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அநேகமாகப் பயனுள்ள பதில் வரும்.

ஏறிய நாளில்

துணுக்கு ஏற்கப்பட்டதும் வரிசையில் நிற்கும், உடனே வராது. ஆங்கில முதற்பக்கத்தில் புதுத் தொகுப்பு அனைத்துலக நேரம் நள்ளிரவில் மாறும், நமக்கு அது காலை 8 மணி. வரிசை நீண்டுவிட்டால் ஒரு நாளில் இரண்டு தொகுப்பு போடுவார்கள், இரண்டாவது நமக்கு இரவு 8 மணிக்கு. அன்றைக்குக் கட்டுரையைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள், நிறையப் பேர் வருவதால் விஷமத்தனமான தொகுப்புகளும் வரும், நல்ல திருத்தங்களும் வரும். யாராவது உங்கள் வரியில் பிழை இருக்கிறது என்று முதற்பக்கப் பிழைகள் பக்கத்தில் எழுதினால், குறித்து வைத்த அந்தப் பக்க எண்ணை எடுத்துக்கொண்டு போய்ப் பதில் சொல்லுங்கள். அவர் சொல்வது சரி என்றால் அங்கேயே ஒப்புக்கொண்டு திருத்தச் சொல்லுங்கள், எட்டு மணியிலிருந்து எட்டே காலுக்குள் திருத்தினாலும் அதற்குப் பிறகு பார்ப்பவர்களுக்குச் சரியான வரி கிடைக்கும்.